வானொலியின் நுரை

"அதே உப்புத்தண்ணி, அதே நுரை மருந்து, அதே வாயு. என் நுரை நிக்குது, உங்க நுரை படுத்துக்குது. நான் என்ன மேடம் பண்ண?" என்றார் வானொலி.

வாய் ஓயாமல் பேசுவதால் ஆய்வுக்கூடத்தில் அந்த உதவியாளருக்கு அதுதான் பெயர். 'அப்படி என்னதான் கலக்குகிறீர், சொல்லித் தொலையும்' என்று கேட்க வேதியியலாளருக்கு நாக்கு துடித்தது. அதற்குள் கைப்பேசி கூப்பிட்டது. கணவர்.

"மத்தியானம் கைக்கு க்ரீம் தடவினியா?"

"தடவிட்டேங்க. வெடிப்பெல்லாம் ஆறிடுச்சு. கையுறை மட்டும் இன்னும் ஒத்துக்கல, வெறுங்கையோடதான் வேலை. அப்புறம் பேசறேன்."

நான்கு வருட உழைப்பு அவளுடையது. கரியமில வாயுவைப் பழைய எண்ணெய்க் கிணற்றுக்குள் வெறுமனே செலுத்தினால், சுலபமான வழி பார்த்து நழுவிவிடும். நுரையாக்கிச் செலுத்தினால், பாறையிலிருக்கும் எண்ணெயை வெளியே தள்ளிவிட்டு அங்கேயே தங்கிவிடும். அதற்கு நுரை கண்ணாடிக் குழாயில் மூன்று மணி நேரமாவது நின்று காட்ட வேண்டும். இரண்டு வாரம் முன்பு வரை நின்றது. இப்போது அவள் கலக்கினால் பத்தே நிமிடம்.

நாளைக் காலை இயக்குநர்கள் வருகிறார்கள். நுரை நின்றால் கிணற்றுக்குப் போகும், விழுந்தால் அலமாரிக்கு. வானொலி எதையோ திருட்டுத்தனமாகக் கலந்து நிற்கவைத்த நுரையை நம்பிக் கிணற்றில் இறக்கினாலோ, மானமே கப்பலேறிவிடும்.

"என் கண்ணு முன்னாடி செய்யுங்க."

"தாராளமா! டிக்கெட்கூட வேண்டாம்."

கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். அளந்து ஊற்றினார். குழாயின் வாயைப் பெருவிரலால் பொத்திக் குலுக்கினார். வாயுவைத் திறந்ததும் நுரை வெள்ளை வெளேரென்று ஏறி நின்றது. அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். அதில் ஒரு சூதும் இல்லை.

ஒரு மணி நேரம் போயிற்று. நுரையும் இறங்கவில்லை, வானொலியும் வாயை மூடவில்லை.

"கொடுங்க இப்படி" என்று குழாயை வாங்கினாள். அவரைப் போலவே வாயைப் பெருவிரலால் பொத்தி, ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தினாள்.

நுரை பொலபொலவென்று சரிந்தது.

வானொலி முதல்முறையாக மௌனமானார். அவர் பார்வை குழாயின் விளிம்பில் இருந்தது. அவள் விரல் பட்ட இடம் பிசுபிசுவென்று மினுங்கியது.

க்ரீமை வழவழப்பாக்கும் சிலிக்கோன், நுரைக்கு எமன் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கணவர் அந்த க்ரீமை ஆசையாக வாங்கி வந்து சரியாக இரண்டு வாரம். அத்தனை நாளும் எதையோ கலந்துகொண்டிருந்தது அவளேதான்.

"நாளைக்கு நீங்களே கலக்குங்க சார்," என்றாள். "நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்."