கொழுக்கட்டைப்புல்

"இது என் புல்லு!"

வெங்கடரமணன் போட்ட கத்தலில் மயிலாப்பூர் தெற்கு மாடவீதியே திரும்பிப் பார்த்தது. கண்ணாடி போட்டு, சட்டைப்பையில் பேனா செருகிய ஓர் ஆள் புல்லுக்குச் சொந்தம் கொண்டாடினால் யார்தான் திரும்ப மாட்டார்கள்?

பெரிய புல்லுக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த செண்பகம் அசரவில்லை.

"இன்னாது, உன் புல்லா? நீ இன்னா மாடா?"

பக்கத்தில் கட்டியிருந்த பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வெங்கடரமணனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"வேளச்சேரி மேய்ச்சல் புறம்போக்குல வேலி போட்டிருக்கே, அதுக்குள்ள புகுந்து அறுத்ததுதானே இது? கொழுக்கட்டைப்புல்லு! நான் விதை தூவி வளர்த்தது. அந்தப் பக்கம் வேற எங்கேயும் கிடையாது!"

"நல்லா கேளு சார்!" என்றார் கூட வந்த தணிகாசலம்.

எருமைக்காரரான அவருக்கு இவனைவிடக் கோபம். வேலிக்குள் புல் காணாமல் போகும்போதெல்லாம் பழி அவருடைய எருமைகள் மேல்தான் விழுந்தது. நேற்றுகூட, "உன் எருமையெல்லாம் பிடிச்சுப் பவுண்டுல அடைச்சாத்தான் உனக்குப் புத்தி வரும்" என்று வயதுக்குக்கூட மரியாதை இல்லாமல் நடுத்தெருவில் வைத்துத் திட்டித் தீர்த்தான் வெங்கடரமணன். "திருடன் யாருன்னு காட்டறேன், வா சார்" என்று இன்று காலை அவனைக் கையோடு இழுத்து வந்திருந்தார்.

அவன் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. மாடுகள் மேய்ந்து மேய்ந்து கட்டாந்தரையாகிப்போன நிலம் அது. அதில் ஒரு துண்டை மட்டும் வேலி போட்டு அடைத்துப் புல்லைத் தேற்றிக் காட்டிவிட்டால், மீதியையும் அப்படியே தேற்றி மாடுகளை முறை வைத்து மேயவிடலாம். அதுதான் அவனுடைய ஆராய்ச்சி. வாராவாரம் அடையாறிலிருந்து ஸ்கூட்டரில் போய்ப் புல்லை அளப்பான். செழித்து நின்ற இடம் அடுத்த முறை போனால் மொட்டையாகக் கிடக்கும். வரும் திங்கட்கிழமை டெல்லியிலிருந்து குழு வருகிறது. காட்டுவதற்குப் புல் இல்லையென்றால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிட்டு, நிலத்தை மனை போட்டுவிடுவார்கள்.

"மனை போட்டா என் எருமைங்க எங்க போவும்? ரோட்ல தாரைத் துண்ணுமா?" என்று செண்பகத்திடம் பாய்ந்தார் தணிகாசலம். "நான் அந்தப் பக்கமே ஓட்டாம வைக்கோலைப் போட்டுகினு கீறேன். நீ நோவாம அறுத்துகினு வந்து கடை போட்டுகீறே!"

"நோவாமலா? இத்தப் பாரு!" செண்பகம் கையை நீட்டினாள். முழங்கை வரை முள்கம்பிக் கீறல்கள். "எனுக்கு ரோட்டோரப் புல்லே போதும். கம்பிக்குள்ள பூந்து கையைக் கிழிச்சிக்கணும்னு எனுக்கு இன்னா தலையெழுத்தா? வாடிக்கையா ஒருத்தங்க கேக்கறாங்கோ. இந்தப் புல்லுதான் வோணுமாம். வேற எதுனா குட்த்தா தொடக்கூட மாட்டாங்கோ. பேரைச் சொல்லிக் கேட்டாங்கோ, நான் முழிச்சேன். அப்பால ஒரு கதிரையே கொண்டாந்து காட்னாங்கோ. எங்க தேடியும் ஆப்படல. உன் வேலிக்குள்ளதான் கீது. நான் இன்னா பண்றது?"

வெங்கடரமணனுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது.

பேரைச் சொல்லி, கதிரைக் காட்டி! புல்லைப் பற்றித் தெரிந்த ஆள். மயிலாப்பூரில் இருக்கிற ஆள். வேறு யார், ஸ்ரீரங்கன்தான்! ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரன். இந்த ஆராய்ச்சி தன் கைக்கு வரவில்லையே என்று வயிறெரிந்துகொண்டிருக்கிறவன். "புல்லு எப்படிப்பா இருக்கு?" என்று பார்க்கும்போதெல்லாம் பல்லை இளிப்பவன். கூட இருந்தே குழி பறித்திருக்கிறான்!

"ஆள் வச்சு அறுக்கச் சொல்றான் ராஸ்கல்!" பல்லைக் கடித்தான் வெங்கடரமணன். "எப்ப வருவாங்க உன் வாடிக்கை?"

"வர்ற நேரந்தான்."

"வரட்டும். யாரா இருந்தாலும் சரி, இந்தக் கூட்டத்துக்கு நடுவுலயே நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன். கேட்டுட்டு நேரா போலீஸ் ஸ்டேஷன்!"

"நானும் வுடமாட்டேன் சார். என் எருமைங்க வயித்துல அடிச்சது எவன்னு மூஞ்சியைப் பாக்கணும்." தணிகாசலம் லுங்கியை மடித்துக் கட்டினார்.

செண்பகம் கூடையிலிருந்து புல்லைக் கட்டாகத் தூக்கி எடுத்து வைத்தாள். "தோ, வந்துட்டாங்கோ. நீயே கேட்டுக்கோ."

இருவரும் ஆவேசமாகத் திரும்பினார்கள். கோயிலில் இருந்து நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்துகொண்டிருந்தவள் வெங்கடரமணனின் அம்மா அபயாம்பாள்.

"ஏண்டா வெங்கட்டு, ஆபீஸ் போகாம இங்கே என்னடா பண்றே?" என்றபடி புல்கட்டை வாங்கிப் பசுவின் வாயருகே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இந்தப் புல்லுன்னா மாடு உசுரையே விடும்னு நீதானே சொன்னே? நீ ஆத்துல கொண்டுவந்து போட்டிருந்த கதிரைத்தான் இவகிட்டே காட்டினேன். உன் ஆராய்ச்சி ஜெயிக்கணும்னு வாராவாரம் வேண்டிண்டு போட்டுண்டிருக்கேன். திங்கக்கிழமை டெல்லிக்காரா வராளோன்னோ, அதான் இன்னிக்கு ஒண்ணு விடாம அத்தனையையும் அறுத்துண்டு வரச் சொல்லிட்டேன்!"