நாயகியின் வீடு

"ஏத்தா மேரி, கேமரா வந்திருச்சு!"

பக்கத்து வீட்டுச் சூசையப்பன் போட்ட சத்தத்தில் சந்தனமேரி உலையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடினாள். மலையாளத்து மலையில், ஆனைக்கரைக்கு மேலே பதினெட்டே வீடுள்ள ஊர் அது. நடுவில் மூன்று காலில் நின்றது கேமரா.

சினிமாக் கம்பெனி மேனேஜர் போன வாரமே வந்து கதை சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் பெரிய அணை கட்டிய வெள்ளைக்கார இஞ்சினியருக்கு இந்த மலையில் ஒரு காதலி. அணை நிறைந்ததும் அவள் வீடு தண்ணீருக்குள் போய்விடும். வீட்டைத் தேர்ந்தெடுக்கவும் கைநாட்டு வாங்கவும் ஆள் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீடு தன் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்று சந்தனமேரிக்கு ஒரே பிடிவாதம். புருஷன் போன பிறகு ஏலக்காட்டில் பதினோரு வருஷம் முதுகொடிய உழைத்துக் கட்டியது. அதை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஊர் உலகமெல்லாம் திரையில் அதைப் பார்க்கட்டுமே!

கேமராவுக்குப் பின்னால் நின்ற தொப்பிக்காரர் தன் பெயர் ராஜாராமன், ஊர் கல்பாத்தி அக்ரகாரம் என்றார். நல்ல நிறம், பேச்சும் நாடகப் பேச்சு மாதிரி இருந்தது. இவருக்குத்தான் இஞ்சினியர் வேஷம் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

அவருடைய ஆள் சிவப்பும் வெள்ளையுமாக எண் எழுதிய கட்டையை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போனான். கேமராவும் அந்தக் கட்டையையே பார்த்தது. பவுடர் அப்பிக்கொண்டு வந்த பெண்களுக்கெல்லாம் முகம் தொங்கிப்போயிற்று.

"ஐயா, எங்க வீட்டையும் ஒரு எட்டு பாருங்கய்யா" என்று கெஞ்சினாள் சந்தனமேரி.

ராஜாராமன் வந்தார், பார்த்தார், குறித்துக்கொண்டார். "கூரைக்கு மேலே தண்ணி நிக்கும். இதுவும் முங்கிடும்" என்றார்.

"மாதாவே!" என்று சந்தனமேரி பூரித்துப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பலாமரத்தடியில் மலையாளத்தில் அச்சடித்த தாளை நீட்டினார்கள்.

"வீட்டையும் நெலத்தையும் விட்டுத்தரச் சம்மதம்னு எழுதியிருக்கு. நன்னா யோசிச்சுட்டு வையுங்கோ, அப்பறம் மாத்த முடியாது" என்றார் ராஜாராமன்.

"இதுல யோசிக்க என்னய்யா இருக்கு?" முதல் கைநாட்டே அவளுடையதுதான். பதினெட்டு வீடும் பத்தே நிமிஷத்தில் வைத்து முடித்தது.

ராஜாராமனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "கீழே இருக்கற ஊர்லே எல்லாரும் எங்க மேலே கல்லெடுத்து எறிஞ்சா. இங்க ஒருத்தர் கண்ணுலேயும் ஜலம்கூட வரலையே?"

"அழுகணுமாய்யா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல!" என்றான் சூசையப்பன்.

சந்தனமேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஐயோ, என் வீடு போச்சே! நான் எங்க போயி நிப்பேன்?" என்று மாரில் அடித்துக்கொண்டு அவர் காலடியில் விழுந்து புரண்டாள். ஊரே கைதட்டியது.

ராஜாராமன் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நல்லா வந்துச்சாய்யா? படம் எப்ப வரும்?"

அவர் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"எந்தப் படம்? நாங்க அளக்க வந்தவா. இங்க நெஜமாவே அணை வரப்போறதும்மா."