கிளச் மிதித்த கால்

டாக்டரம்மா பரிசோதனை முடிவைப் பிரித்தபோது குழந்தை அபிநயா, அத்தை சென்னியம்மாளின் மடியில் இருந்தாள். பெற்றவள் மஞ்சுளாவின் மடி காலியாக இருந்தது.

கொஞ்ச நாளாகவே அப்படித்தான். குழந்தையின் அக்குளிலும் பாதத்திலும் கொப்புளம் கிளம்பியதும், மஞ்சுளா தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டாள் என்று வீடே முடிவுகட்டிவிட்டது. குளிப்பாட்டும் பொறுப்பு நாத்தனார் சென்னியம்மாளுக்குப் போனது. அப்புறமும் கொப்புளம் நின்றபாடில்லை. அதுவும் பழைய சூடுதான் என்றார்கள். சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன மஞ்சுளாவுக்கு, பாவம், தன் கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

டாக்டரம்மா தாளில் வரைந்து காட்டினார். தோலின் செல்லுக்குள் கெரட்டின் என்று ஒரு புரதம். இரண்டிரண்டாகச் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய ஜோடிகள் ஒன்றோடொன்று கோத்து நீள இழையாகும். தோலைத் தாங்குவது அந்த இழைதான். இந்தக் குழந்தைக்குப் புரதத்தில் ஒரேயொரு கண்ணி மாறியிருக்கிறது. அதனால் இழை சரியாகக் கோத்துப் பிடிப்பதில்லை. லேசாக உரசினாலே அறுந்து நீர் கோத்துக்கொள்கிறது.

வெந்நீர் சுட்ட புண்ணே இல்லை என்றார். அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், அடியில் கை வைத்து ஏந்துங்கள் என்றார்.

மஞ்சுளா தன் உள்ளங்கைகளை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்து டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். இது பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வருவதாம். உங்களில் யாருக்கு உண்டு?

நாத்தனாரின் பார்வை நேராக மஞ்சுளாவிடம் வந்து நின்றது. இறக்கிவைத்த பழியை மறுநிமிடமே தூக்கித் தலையில் வைத்தால் எப்படி?

சங்ககிரியில் லாரி ஓட்டும் கணவன் முருகானந்தம் முந்திக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க மேடம். கால்ல இருக்கறது கிளச் மிதிச்சு வந்த புண்ணு. எங்கப்பாவுக்கும் இருந்துச்சுங்க, அது தறி மிதிச்சு..."

பாதியில் நின்றுவிட்டான்.

காரணம் சொல்லத் தாத்தாவுக்குத் தறி இருந்தது. அப்பாவுக்கு லாரி இருந்தது. இன்னும் தவழக்கூடத் தொடங்காத குழந்தைக்கு மிதிக்க என்ன இருக்கிறது? அம்மாதான் இருந்தாள்.

அவன் குனிந்து சாக்ஸை உருவினான். கல்யாணமான நாள் முதல் மஞ்சுளா எண்ணெய் தடவிவிடும் அதே கொப்புளங்கள்தான். அவளும் இத்தனை நாள் லாரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

எழுந்துபோய் அக்காவின் மடியிலிருந்து குழந்தையை எடுத்தான். அக்குளைத் தொடாமல், அடியில் கை வைத்து ஏந்திவந்து மஞ்சுளாவின் மடியில் வைத்தான்.

"இனி நீயே தண்ணி ஊத்தி உடு, மஞ்சு."