பின் சீட்டு

ஞானசேகர் தன் பழைய புல்லட்டை ஆசை ஆசையாக மாற்றிக் கட்டியபோது பின் சீட்டை எடுத்துவிட்டான். அது இருந்தால் வண்டியின் அழகே போய்விடுமாம். அதன்பிறகு கல்யாணமோ காதுகுத்தோ ஆஸ்பத்திரியோ, அவன் மனைவி மரகதம் பஸ்ஸில்தான் போனாள். கசங்கிய பட்டுப்புடவையோடு அவள் மண்டபம் போய்ச் சேரும்போது, வண்டியைச் சுற்றி நிற்கிறவர்களுக்கு அவன் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பான். இப்போது பக்கவாதத்தில் கையும் காலும் பேச்சும் போய் உள்ளறைக் கட்டிலில் கிடக்கிறான். வண்டியை விற்க அவள்தான் ஆளை வரவழைத்தாள்.

வந்த இளைஞன் பழைய வண்டிகளில் ஊறினவன். பின் மட்கார்டைத் தடவிக்கொண்டே போய், ஒரு தோல் பட்டையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான்.

"பிரமாதமான வேலைக்கா. பின் சீட்டை வேணும்கிறப்ப மாட்டிக்கலாம், வேணாம்னா கழட்டிடலாம்."

அவள் குனிந்து பார்த்தாள். வண்டி முழுக்கக் கறுப்பு. பட்டைக்கு அடியில் இருந்த இரண்டு கொக்கிகள் மட்டும் பெயின்ட் தேய்ந்து வெள்ளையாகப் பளபளத்தன.

"நல்லாப் பொழங்கியிருக்காருக்கா. அந்த சீட்டையும் குடுத்துட்டீங்கன்னா நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

மரகதம் முந்தானையால் கொக்கிகளைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க இன்னும் பளபளத்தன. நிமிர்ந்து, உள்ளறைக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"சீட்டு வேற வீட்ல இருக்கு தம்பி. யார் வீடுன்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."