மிஞ்சிய முப்பத்தேழு ஃபைல்கள்

“அழிக்க அழிக்க இடம் அடைச்சுக்கிட்டே போகுதும்மா. பேய் கீய் புகுந்துடுச்சா?”

லேப்டாப்பை மேஜைமேல் வைத்த பெரியவர், நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார்.

அந்த ரிப்பேர் கடை அவளுடையது. கம்ப்யூட்டர் அவள் பார்ப்பாள். பிரிண்டர் பார்க்க ஒரு பையன் இருந்தான்; தடித்த கண்ணாடி போட்டதால் அவனுக்கு ‘லென்ஸ்’ என்று பட்டப்பெயர்.

ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

“பேய் இல்ல சார், பேக்கப் சாஃப்ட்வேர். யார் போட்டுக் கொடுத்தது?”

“மாப்பிள்ளை. எதுவும் தொலைஞ்சு போகாதுன்னார்.”

“அது நகல் எடுக்கும்போது தற்காலிகமா ஃபைல் உண்டாக்கும். வேலை முடிஞ்சதும் அதுவே துடைச்சிட்டுப் போயிடும். பாதியில நின்னா அப்படியே தங்கிடும். நீங்க நடுவுல லேப்டாப்பை மூடிடுவீங்களா?”

பெரியவரின் காது மடல் சிவந்தது. “வீட்டுக்காரி வந்தா... டக்குனு மூடிடுவேன்.”

பின்னாலிருந்து லென்ஸ் இருமினான்.

“மொத்தம் முப்பத்தேழு. எல்லாம் வீடியோ மாதிரி தெரியுது,” என்றாள்.

“திறக்காதேம்மா!” உள்ளங்கையால் திரையை மறைத்தார். “ஒவ்வொண்ணையும் அன்னன்னைக்கே அழிச்சேன். இப்படி ஒளிஞ்சுக்கிட்டிருக்கும்னு யார் கண்டா? எனக்கே அசிங்கமா இருக்கு.”

“கையை எடுங்க சார், திறக்க மாட்டேன். உங்க சொந்த விஷயம் எனக்கு எதுக்கு?”

பேக்கப்பை நிறுத்தினாள். பெரியவர் தொண்டையைச் செருமினார்.

“அம்மா, ஒரு விஷயம்...”

“சொல்லுங்க.”

“குடிக்கத் தண்ணி கிடைக்குமா?”

கொடுத்தாள். பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். துடைத்துக்கொண்டே கேட்டார்:

“வீட்ல அப்பா, அம்மா எல்லாரும் சௌக்கியமா?”

“அம்மா இருக்காங்க. அப்பா தவறிட்டார்.” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இதுவரை நின்றுகொண்டே இருந்தவர் இப்போது பொத்தென்று உட்கார்ந்தார்.

“எப்போம்மா?”

“அது ஆச்சு, பதினோரு வருஷம்.”

திரையிலிருந்த ஃபைல் வரிசையைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்தார்.

“எல்லாத்தையும் அழிச்சிடும்மா. இனிமே அது யாருக்கும் வேண்டாம்.”

வெளியே போய் நடைபாதையோரம் தெருவைப் பார்த்தபடி நின்றார்.

“பெரியவர் பாவம், ஓனரம்மா,” என்றான் லென்ஸ். “இந்த வயசுல என்ன சினிமா ஓட்டுறாரோ! ஒண்ணே ஒண்ணு பார்க்கலாமா?”

“சும்மா இரு. வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“நீங்கதானே கொடுத்தீங்க? நான் கொடுக்கலையே!”

வீடியோவாக ஓடும்படி கடைசி ஃபைலின் பெயரை மாற்றித் திறந்துவிட்டான். அவள் தடுத்திருக்கலாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

திரையில் வெறும் சுவர். அதே வெள்ளைச் சட்டையோடு பெரியவர் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு துண்டுத்தாள். அதைப் பார்த்துப் படித்தார், நிறுத்தினார், கசக்கினார். பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

“அம்மா, என்னை உனக்குத் தெரியாது. நீ கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கேன்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன். உங்கப்பா கிடங்குல சாமான் திருடினார்னு எழுதிக் கொடுத்து வேலையை விட்டு அனுப்பின அதிகாரி நான்தான். எடுத்தது அவர் இல்ல, என் தம்பி. அது எனக்கு அன்னைக்கே தெரியும். அவர் எங்கே இருக்கார்னு சொன்னா, நேர்ல போய்...”

கதவு திறக்கும் சத்தம். “யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க?” என்று ஒரு பெண் குரல். படம் இருண்டது.

லென்ஸ் கண்ணாடியைக் கழற்றினான். “ஓனரம்மா... தெரியாம திறந்துட்டேன். உங்கப்பா போய்ச் சேர்ந்தப்புறம் இதைக் கேட்டு என்ன...”

அவள் அதைக் கேட்க அங்கே இல்லை. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடியிருந்தாள்.

“அழிச்சிட்டியாம்மா?” என்றார் பெரியவர், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்.

அவளாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அப்பா தவறல சார். வெளியூர்ல வாட்ச்மேனா இருக்கார், மாசாமாசம் போன் பண்றார், நான்தான் எடுக்கிறதில்ல. திருடன் மகள்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு, பதினோரு வருஷமா அவரைச் சாகடிச்சு வெச்சிருக்கிறது நான்தான்.”