இளையவள் பானையில் வெள்ளைப் பயறு

"பில்க்கியோட காராமணியைப் பாரு, ஒரு ஓட்டை கிடையாது!" என்று சொல்லிவிட்டுப் புருஷன் ஹம்ஸா மசூதிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

தேலுவுக்கு வயிறு எரிந்தது.

மூத்த தாரம் அவள். பதினாறு வருஷமாக இந்த வீட்டில் குப்பை கொட்டுகிறாள். நேற்று வந்த சக்களத்தி பில்க்கியின் பொடிப் பழுப்புப் பயறு குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. தேலுவின் பெரிய வெள்ளைப் பயறு மட்டும் வருஷா வருஷம் உளுத்துக் கொட்டுகிறது.

"என்ன மருந்துடி வெச்சே?"

"ஒண்ணுமில்லக்கா. எங்கம்மா வீட்டு விதை. இதை வண்டு தின்னாது."

"ஆமா, உங்கம்மா வீட்டைக் கண்டா வண்டுகூட பயப்படுதாக்கும்!"

அந்த வருஷம் மராடி டவுனிலிருந்து விவசாய ஆபீஸ் அம்மா வந்தார். ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார். அதில் இவர்கள் இருவரும் உண்டு.

"அவங்கவங்க பயறை ஒரு பானையில போட்டு, துணி கட்டி வையுங்க. மழைக்கு முன்னாடி வந்து திறப்பேன். எது தாங்குதோ, அதுதான் ஊருக்கே விதை."

ஊர்க் கம்பங்கொல்லை எல்லாவற்றிலும் ஊடுபயிராக இளையவளின் பயறா? தேலுவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் காலை, பில்க்கி கிணற்றுக்குப் போன நேரம் பார்த்து அவள் அறைக்குள் புகுந்தாள். தன் மூட்டையில் வண்டு மொய்த்துக் கிடந்த பயறில் இரண்டு கை அள்ளி, அந்தப் பானையில் போட்டுக் கிளறினாள். துணியைப் பழையபடி கட்டிவிட்டு வெளியே வந்தாள்.

இரண்டு மாதம் போனது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் கூடி நிற்க, பானைகளைத் திறந்தார்கள்.

மற்ற நாலு பேர் பயறும் பாதிக்குப் பாதி ஓட்டை. தேலுவின் பானையில் மாவுதான் மிச்சம்.

பில்க்கியின் பானையைத் தட்டில் கொட்டினார்கள். வண்டு செத்துக் கிடந்தது. பழுப்புப் பயறு மேலெல்லாம் வெள்ளைப் புள்ளியாக முட்டை. ஆனால் ஓர் ஓட்டைகூட இல்லை.

"அடேயப்பா! முட்டை வெச்சும் புழு உள்ளேயே செத்துப் போயிருக்கு!" என்று தட்டைக் கிளறிய விவசாய அம்மாவின் கை சட்டென்று நின்றது.

"இதென்ன, நடுவுல உளுத்துப்போன வெள்ளைப் பயறு? யார் போட்டது?"

எல்லோரும் தேலுவைப் பார்த்தார்கள். அந்த ஊரில் வெள்ளைப் பயறு விதைக்கிறவள் அவள் ஒருத்திதான்.

தேலு முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அக்காதான் போட்டாங்க" என்றாள் பில்க்கி.

விவசாய அம்மா பில்க்கி பக்கம் திரும்பினார்.

"'வண்டே வராத பானையில பயறு நல்லா இருந்தா அதுல என்னடி பெருமை? வண்டை விட்டுப் பார்ப்போம்'னாங்க. நானும் சரின்னுட்டேன்."

"இது எனக்கே தோணலையே!" என்று விவசாய அம்மா தேலுவின் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டார். பெண்கள் குலவை போட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் தேலு இளையவளின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"அன்னிக்குக் கிணத்துக் கயித்தை மறந்துட்டுப் பாதி வழியில திரும்பி வந்தேன்க்கா. கதவுகிட்டதான் நின்னேன்."

"அப்பவே என் தலைமுடியைப் பிடிச்சு இழுத்திருக்கலாமேடி?"

"இழுக்கத்தான் வந்தேன். நீங்க அழுதுக்கிட்டே போட்டுக்கிட்டிருந்தீங்க."