அரிச்சந்திரனின் சிநேகிதன்

"இங்கதான் இருந்தான் ஆன்ட்டி. ரெண்டு பேரும் டிரிக்னாமெட்ரி போட்டுட்டு இருந்தோம்" என்றான் செழியன்.

உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்த மணிமொழிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

மத்தியானத்திலிருந்து அவள் வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு ஈ, காக்கை வரவில்லை. மகன் தனியாகத்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான்.

கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். செழியனோடு படிக்கும் அருண்பிரசாத்தின் அம்மா ரேணுகாம்பாள் மூச்சு வாங்க நின்றிருந்தாள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த வெளியூர் வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தன.

"எங்க கொழுந்தனாரு அருண தியேட்டர் வாசல்ல பாத்தேன்றாரு. அவன் உங்க வீட்ல இருந்தேன்னு சத்தியம் பண்றான். செழியன் சொன்னா சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, செழியன் அம்மா."

செழியன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வேங்கிக்காலில் எல்லோருக்கும் அந்த நம்பிக்கை. தெருவில் அவனுக்கு அரிச்சந்திரன் என்றே பெயர். வகுப்பில் டியூப்லைட்டை உடைத்தது யார் என்று வாத்தியார் வாயெடுக்கும் முன்பே எழுந்து பெயரைச் சொல்கிறவன். கிரிக்கெட்டில் ஸ்கோர் எழுதக்கூட அவனை யாரும் கூப்பிடுவதில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவான்.

பத்தாம் வகுப்பு வந்தும் ஒரு சிநேகிதன் கிடையாது.

கைக்குழந்தையாக இருந்தபோதே அவனுக்கு இதயத்தில் ஆபரேஷன். போன ஜூனில் செக்கப்புக்குப் போனபோது, இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன டாக்டரம்மா கூடவே வேறு எதையெதையோ கேட்டார். சிநேகிதர்கள் உண்டா? சண்டை போடுவானா? எதையாவது மறைப்பானா?

"பொய்யே பேச மாட்டான் மேடம். தங்கம்" என்றாள் மணிமொழி, பெருமையாக.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இதயக் கோளாறோடு பிறந்த சில பிள்ளைகளுக்கு, அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது பிடிபடக் கொஞ்ச நாளாகும். அது பிடிபட்டால்தான் பொய்கூடச் சொல்ல வரும். இந்த வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார்.

அன்றிலிருந்து மணிமொழிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தனக்குப் பிறகு இந்தப் பிள்ளை உலகத்தில் எப்படிப் பிழைக்கும் என்ற பயம் அவளை உட்கார விடவில்லை, நிற்க விடவில்லை.

இப்போது அவன் பொய் சொல்லியிருக்கிறான். அதுவும் தனக்காக இல்லை, இன்னொருத்தனுக்காக. அருண்பிரசாத் மாட்டிக்கொள்வான், ஆன்ட்டி நம் பேச்சை நம்புவார் என்று இரண்டு மனசையும் எடைபோட்டுச் சொல்லியிருக்கிறான். அம்மாவை மட்டும் மறந்துவிட்டான். அது இப்போதுதான் உறைத்தது போல, திரும்பி அவளையே பார்த்தான்.

அவள் உண்மையைச் சொன்னால், கிடைக்கப்போகிற முதல் சிநேகிதனும் போய்விடுவான்.

ரேணுகாம்பாள் காத்திருந்தாள்.

"ஆமாங்க, இங்கதான் இருந்தான். ரெண்டு தோசை குடுத்தேன். மூணாவது வேணாம்னுட்டான்."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே. "அதான் வீட்டுக்கு வந்து சோறு வேணாம்னானா!" என்று ரேணுகாம்பாளின் முகம் தெளிந்தது. செழியனின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

மணிமொழிக்கு உடம்பெல்லாம் கூசியது. தன்னிடம் ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால் மென்னியைத் திருகியிருப்பாள்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு மகனை நெருங்கினாள்.

"எங்கடா போயிருந்தான்?"

வகுப்பில் எவன் தும்மினான் என்பது வரை தினமும் ஒப்பிக்கிற பிள்ளை, அவள் கண்ணைப் பார்த்தே சொன்னான். "எனக்கென்னம்மா தெரியும்."

சொல்லிவிட்டு அவளுடைய போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டான். அந்த அறைக்குத் தாழ் இருப்பதே இன்றுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. அவள் போகவில்லை. வெட்கத்தை விட்டுக் கதவில் காது வைத்தாள்.

உள்ளே அவன் சிரித்துக்கொண்டே கிசுகிசுத்தான். "எங்கம்மாகிட்டகூட சொல்லலடா."

மலையைப் பார்த்து அவள் தினமும் வேண்டிக்கொண்டது இதைத்தான். நடந்ததும், அழுகை முட்டிக்கொண்டு வந்தது.